மண்ணுக்குள் காத்திருக்கும் மீன்கள்

உங்கள் பெயருக்கு ஒரு தபால் உறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு கைப்பிடி பழுப்பு நிறத் தூள். தொட்டால், பிழிந்து ஆறவைத்த தேயிலைச் சக்கையைப் போல இலேசான ஈரம். பையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் ஓர் இலத்தீன் பெயர், ஓர் ஊரின் பெயர், இரண்டு தேதிகள். அவ்வளவுதான். இரண்டாவது தேதி வரும் வரை அந்தப் பையை அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். பிறகு தூளைத் தட்டையான ஒரு பாத்திரத்தில் கொட்டிக் குளிர்ந்த நீரை ஊற்றுகிறீர்கள். சில மணி நேரத்தில், இமை மயிர் அளவே உள்ள மீன் குஞ்சுகள் அந்த நீரில் துள்ளத் தொடங்குகின்றன!

இது கண்கட்டு வித்தையன்று. கில்லி மீன்கள் என்று அழைக்கப்படும் ஒரு பெரிய குழுவில் சில இனங்களின் இயற்கையான வாழ்க்கை முறையே இதுதான். இந்த இரகசியம் மனிதனுக்குப் புரிந்த வரலாறு சுவையானது. ஏனெனில், அதில் பேராசிரியர்களுக்கு இருக்கும் அதே இடம், வீட்டு மூலையில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்த சாதாரண மனிதர்களுக்கும் உண்டு. நாளை அந்த வரிசையில் நீங்களும் சேரலாம்.

பெயர் வந்த வழி

'கில்லி' என்ற பெயருக்கும் நம் ஊர்ச் சிறுவர்களின் கில்லி விளையாட்டுக்கும் தொடர்பில்லை. கொல்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடும் அதற்கு உறவு இல்லை. டச்சு மொழியில் 'கில்' என்றால் ஓடை அல்லது சிறு கால்வாய். வட அமெரிக்காவில், இன்றைய நியூயார்க் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்கள் வழியாக அந்தச் சொல் அங்கே நிலைத்தது. ஓடைகளில் திரிந்த சிறு மீன்கள் 'கில்லி மீன்கள்' ஆயின.

அந்த அமெரிக்க மீன்களில் ஒன்றுக்கு 1766-ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். இன்று அதன் பெயர் ஃபண்டுலஸ் ஹெட்டிரோகிளிட்டஸ். விண்வெளிக்கு முதன்முதலில் சென்ற மீனும் இதுவே. 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு இரண்டு இளமீன்களும் 50 முட்டைகளும் அனுப்பப்பட்டன. எடையற்ற நிலையில் மீன்கள் முதலில் வட்டமடித்துத் தடுமாறின. ஆனால் விண்வெளியிலேயே பொரித்து வெளிவந்த குஞ்சுகளோ, தடுமாற்றமின்றி நீந்தின. கில்லி மீன்களின் முட்டை எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கில்லி மீன்கள் என்ற பெயருக்குள் அடங்குகின்றன. ஆஸ்திரேலியாவையும் அண்டார்க்டிகாவையும் தவிர எல்லாக் கண்டங்களிலும் இவை உண்டு. நம் நாட்டிலும் உண்டு. 1822-இல் கங்கை மீன்களைப் பற்றி நூல் எழுதிய ஹாமில்டன், வங்காளத்தில் வழங்கிய பெயரைத் தழுவி ஒரு மீனுக்குப் 'பாஞ்சாக்ஸ்' என்று பெயரிட்டார். அது அப்லோகைலஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதே பேரினத்தின் மற்றொரு மீனைச் சென்னை நன்னீர் மீன்கள் பற்றிய தம் கட்டுரையில் 1916-இல் விவரித்தவர் சுந்தரராஜ். தென்னிந்திய ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும் அப்லோகைலஸ் லினியேட்டஸ் என்ற வரிப்பாஞ்சாக்ஸை நீங்களே பார்த்திருக்கலாம். மேலே நோக்கிய கண்களை உடையதால், மலையாளத்தில் இவ்வகை மீன்களை 'மானத்துக்கண்ணி' என்கிறார்கள். மானம் என்பது வானம்.

வற்றிய குட்டையின் புதிர்

ஓடையில் ஆண்டு முழுவதும் நீர் இருக்கும். அங்கே மீன் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைப் பாருங்கள். மழைக்காலத்தில் தாழ்வான இடங்களில் குட்டைகள் நிரம்புகின்றன. சில வாரங்களில் அவற்றில் செம்மையும் நீலமுமாய் ஒளிரும் மீன்கள் திரிகின்றன. மழை நின்ற சில மாதங்களில் குட்டை வற்றி, தரை வெடித்துக் கட்டாந்தரையாகிறது. மீன்கள் மடிந்துபோகின்றன. அடுத்த மழையில் மீண்டும் அதே மீன்கள்! ஆறு எதுவும் அந்தக் குட்டையைத் தொடுவதில்லை. அப்படியானால் மீன்கள் எங்கிருந்து வந்தன?

இத்தகைய மீன் ஒன்றை மொசாம்பிக்கிலிருந்து 1844-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர். பின்னர் நோத்தோபிராங்கியஸ் எனப் பெயர்பெற்ற பேரினம் அது. தென் அமெரிக்காவில் இதற்கு இணையான மீன்களை வியன்னாவின் ஸ்டைன்டாக்னர் 1876-லும் 1881-லும் விவரித்தார். ஆனால் இவர்கள் கையில் இருந்தவை சாராயப் புட்டியில் பதப்படுத்திய மீன்கள். புட்டியில் உள்ள மீனின் துடுப்புக் கதிர்களை எண்ணலாம். அது எப்படி வாழ்ந்தது என்று அதனிடம் கேட்க முடியாது.

அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய இடம் கண்ணாடித் தொட்டிதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வீட்டில் மீன் வளர்ப்பது பெருவழக்காயிற்று. துறைமுகங்களில் வந்திறங்கும் கப்பல்கள் வெப்ப நாடுகளின் சிறு மீன்களைக் கொண்டுவந்தன. நம் நாட்டு அப்லோகைலஸ் பிளாக்கி என்ற பச்சைப் பாஞ்சாக்ஸை 1911-இல் விவரித்த அர்னால்டு, ஒரு மீன் வளர்ப்பு ஆர்வலரே. அர்ஜென்டினாவின் முத்துமீனும் அக்காலத்தில் ஜெர்மானியத் தொட்டிகளை அடைந்தது. வளர்த்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். இணை சேர்ந்த முத்துமீன்கள் தொட்டியின் அடியிலிருந்த மென்மையான படிவுக்குள் தலைகுப்புறப் பாய்ந்து முழுவதும் புதைந்து, முட்டையிட்டுவிட்டு வெளியே வந்தன. அந்த முட்டைகளை மற்ற மீன் முட்டைகளைப் போல நீரிலேயே விட்டுவைத்தால் ஒழுங்காகப் பொரிக்கவில்லை. வற்றும் குட்டையில் நடப்பது போலவே நீரை வடித்து உலரவிட்டு, நாள் கழித்து நனைத்தபோதுதான் குஞ்சுகள் வந்தன. புதிரின் விடை மண்ணுக்குள் இருந்த முட்டையே!

விமானப்படை அதிகாரியும் பேராசிரியரும்

இந்தச் சிதறிய அனுபவங்களை ஒன்றுசேர்த்தவர் ஜார்ஜ் மயர்ஸ். 1905-இல் பிறந்த இவர், சிறு வயதிலேயே மீன் தொட்டிகளில் மனத்தைப் பறிகொடுத்தவர். மேற்கு ஆப்பிரிக்கக் கில்லி மீன்களுக்கு ஆஃபியோசெமியான் என்ற பேரினப் பெயரை 1924-இல் அமைத்தபோது அவருக்கு வயது 19. பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1940-களின் தொடக்கத்தில் பிரேசிலில் அமெரிக்கத் தூதரகத்தின் இராணுவ அதிகாரியாக இருந்தவர் தாமஸ் வைட். அவரும் மீன் வளர்ப்பவர். அவரும் அவர் மனைவி கான்ஸ்டன்ஸும் ரியோ டி ஜெனிரோவை அடுத்த கடலோரத்துத் தற்காலிகக் குட்டைகளில் சிறு மீன்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் இரண்டை மயர்ஸ் 1942-இல் புதிய இனங்களாக விவரித்து, ஒன்றுக்குக் கணவரின் பெயரையும் மற்றொன்றுக்கு மனைவியின் பெயரையும் சூட்டினார். அந்த அதிகாரிதான் 1957 முதல் 1961 வரை அமெரிக்க விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர்!

ஓராண்டுக்குள் முளைத்து, வளர்ந்து, விதை தந்து மடியும் செடிகளை நாம் ஓராண்டுத் தாவரங்கள் என்கிறோம். நெல்லும் எள்ளும் போன்றவை அவை. விதைதான் அடுத்த ஆண்டுக்குப் பாலம். இம்மீன்களும் அப்படித்தான் என்று கண்ட மயர்ஸ், இவற்றை 'ஆண்டு மீன்கள்' என்று குறிப்பிட்டார். 1952-இல் இதைப் பற்றி அவர் எழுதிய விரிவான கட்டுரை எங்கே வெளிவந்தது தெரியுமா? வீட்டு மீன் வளர்ப்போருக்கான ஒரு மாத இதழில்! எவருடைய அனுபவத்திலிருந்து விடை கிடைத்ததோ, அவர்களுக்கே அதை முதலில் சொன்னார் எனலாம்.

முட்டைக்குள் மூன்று நிறுத்தங்கள்

முட்டை மண்ணில் காத்திருக்கிறது, சரி. அதன் உள்ளே என்ன நடக்கிறது? 1972-இல் ஜான் வூர்ம்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதற்கு விடையளித்தார். கரு வளர்ச்சி மூன்று கட்டங்களில் நின்று போகக்கூடும் என்று அவர் காட்டினார். முதல் நிறுத்தம் மிகத் தொடக்கத்தில். அப்போது கருவின் செல்கள் தனித்தனியே சிதறிக் கிடக்கும், உடல் என்று ஒன்று உருவாகியிராது. இரண்டாம் நிறுத்தம் நடுவழியில். முதுகெலும்பின் வரிசையும் இதயமும் தோன்றியிருக்கும். மூன்றாம் நிறுத்தம் இறுதியில். கண்கள் பொன்போல் மின்ன, முழுமையான குஞ்சு முட்டைக்குள் சுருண்டு படுத்து நீருக்காகக் காத்திருக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஒரே நாளில் ஒரே தாய் இட்ட முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இந்நிறுத்தங்களைக் கடப்பதில்லை. சில விரைந்து போகும். சில பல மாதங்கள் தங்கிவிடும். ஏன் இந்த ஒழுங்கின்மை? பருவம் தவறி ஒரு நாள் மழை பெய்கிறது. குட்டை அரையடி நிரம்பி, பத்து நாளில் வற்றிவிடுகிறது. எல்லா முட்டைகளும் அந்த மழைக்கே பொரித்திருந்தால் அந்தக் குட்டையின் மீன்குலம் அன்றோடு முடிந்திருக்கும். விதை நெல் முழுவதையும் முதல் தூறலை நம்பி விதைத்துவிடாத உழவரைப் போல, இம்மீன்களும் ஒரு பங்கை மண்ணில் நிறுத்தி வைக்கின்றன.

மண்ணும் இதற்குத் துணைசெய்கிறது. நோத்தோபிராங்கியஸ் வாழும் குட்டைகளின் அடியில் நம் கரிசல் மண்ணைப் போன்ற களிமண் இருக்கிறது. மேலே பாளமாக வெடித்தாலும் உள்ளே சிறிதளவு ஈரத்தை அது விட்டுவிடுவதில்லை.

குஞ்சமும் பீட் தூளும்

கில்லி மீன்களை வளர்ப்போர் தம் அனுபவத்தால் அவற்றை இரு பெரும் வகையாகப் பிரித்துக்கொண்டார்கள். செடிகளில் முட்டையிடுபவை ஒரு வகை; மண்ணில் முட்டையிடுபவை மற்றொரு வகை. ஒவ்வொன்றுக்கும் எளிய கருவியைக் கண்டுபிடித்தார்கள்.

செடிக்குப் பதிலாகக் கம்பளி நூல் குஞ்சம். பின்னல் வேலைக்குப் பயன்படும் செயற்கைக் கம்பளி நூலை ஒரு சாண் நீளத்துக்குப் பல இழைகளாக வெட்டி, நடுவில் கட்டி, ஒரு தக்கையில் கோத்து மிதக்கவிட்டால் போதும். மீன்கள் அதை வேர்க்கொத்து என்றே எண்ணி முட்டையிடும். மண்ணுக்குப் பதிலாகப் பீட், அதாவது சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கப்படும் மக்கிய பாசித் தூள். இப்போது பலர் அதற்குப் பதிலாக நம் தென்னை நார்த்தூளைக் கழுவிப் பயன்படுத்துகிறார்கள்.

1960-களில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் கில்லி மீன்களுக்கென்றே சங்கங்கள் தோன்றின. கில்லி முட்டையின் மேலுறை கெட்டியானது. விரலால் எடுத்தாலும் நசுங்காது. ஈரப் பீட் தூளில் வைத்தால் வாரக் கணக்கில் தாங்கும். எனவே உயிருள்ள மீனை அனுப்புவதற்குப் பதிலாக, முட்டைகளைக் கடித உறையில் வைத்தே நாடு விட்டு நாடு அனுப்பினார்கள். கடையில் கிடைக்காத மீன்கள் தபால்காரர் கையில் வந்தன.

இந்தக் கூட்டத்தில் எழுந்தவர்தான் ஸ்கீல் என்ற டென்மார்க் இராணுவ அதிகாரி. அவர் தம் தொட்டிகளில், ஒரே மாதிரித் தோன்றிய மேற்கு ஆப்பிரிக்க மீன்களை இணைசேர்த்துப் பார்த்தார். பிறந்த கலப்புக் குஞ்சுகளில் பல மலடாக இருந்தன. நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணினார், எண்ணிக்கையே வேறுபட்டது! கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை உண்மையில் வெவ்வேறு இனங்கள். 1968-இல் வெளிவந்த அவருடைய நூல் ஆராய்ச்சியாளர்களும் மதிக்கும் ஆதார நூலாயிற்று. 'எந்த ஊர்க் குட்டையில் பிடித்தது என்று தெரியாத மீன்களை ஒன்றோடொன்று கலக்காதே' என்ற விதி வளர்ப்போரிடையே வேரூன்றியதற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம்.

முதலில் எந்த மீன்?

இவ்வளவும் படித்தபின் உங்களுக்கும் ஆசை எழுந்திருக்கும். ஆனால் தபாலில் வரும் தூளிலிருந்து தொடங்காதீர்கள். செடியில் முட்டையிடும் வகையே கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது.

நம் வரிப்பாஞ்சாக்ஸே நல்ல தொடக்கம். ஏறத்தாழ 10 செ.மீ. வரை வளரும், நம் ஊர் வெப்பத்துக்குப் பழகியது. தன்னைவிட மிகச் சிறிய மீன்களை விழுங்கிவிடும் என்பதால் தனியே வையுங்கள். வெளிநாட்டு இனம்தான் வேண்டுமென்றால், நைஜீரியா, கேமரூன் நாடுகளைச் சேர்ந்த ஃபண்டுலோபாஞ்சாக்ஸ் கார்ட்னெரியைச் சொல்லலாம். ஏறத்தாழ 6 செ.மீ. நீளம்; நீல உடலில் சிவப்புப் புள்ளிகள். 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரை அதற்கு உகந்தது. கடுங்கோடையில் தொட்டியை வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

30 லிட்டர் கொள்ளும் தொட்டி போதும். மிக முக்கியமானது மூடி. கில்லி மீன்கள் தேர்ந்த துள்ளல்காரர்கள். விரலளவு இடைவெளி இருந்தால்கூட இரவில் வெளியே பாய்ந்து தரையில் உலர்ந்து கிடக்கும். குழாய் நீரானால் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றுங்கள். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் மீன்களாக விடுங்கள்; ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக விட்டால், ஆண் ஓயாமல் துரத்திப் பெண்ணைக் களைப்படையச் செய்துவிடும். உணவாகக் கொசுப்புழுவும் தெள்ளுப்பூச்சியும் கொடுங்கள். கொசுப்புழுவைத் தின்னும் பழக்கத்துக்காகவே, பாஞ்சாக்ஸ் மீன்களைக் கொசு ஒழிப்புக்கு உதவும் இந்திய மீன்களின் பட்டியலில் 1912-லேயே சூவெல், சௌத்ரி ஆகிய இருவரும் சேர்த்தனர்.

குஞ்சத்தை மிதக்கவிட்டுச் சில நாள் கழித்து எடுத்துப் பிழிந்து, வெளிச்சத்தில் இழை இழையாகப் பிரித்துப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய, பளிங்கு போன்ற முட்டைகள் ஒட்டியிருக்கும். விரலாலேயே எடுத்து ஒரு சிறு பாத்திரத்தில், தொட்டி நீரிலேயே போட்டு வையுங்கள். வெளுத்துப் பஞ்சுபோல் ஆனவற்றை உடனே நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பரவும். ஒரு வாரத்தில் கண்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சு வெளிவரும்.

குஞ்சுகளுக்கு முதல் உணவு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் இளவுயிரிகள். இதன் முட்டைகளும் உலர்ந்து காத்திருக்க வல்லவை. உப்பு நீரில் போட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். இவற்றை மீன் குஞ்சுக்கு உணவாக்கலாம் என்பதை 1930-களில் சான் பிரான்சிஸ்கோவில் சீலும் நார்வேயில் ரோலெஃப்சனும் காட்டினார்கள். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு. வாழ்வை நிறுத்தி வைக்கத் தெரிந்த ஓர் உயிர் இன்னோர் உயிரின் குஞ்சுக்கு உணவாகிறது!

ஆண்டு மீனுக்கு மாறும்போது

ஒரு தலைமுறையை இவ்வாறு வளர்த்துப் பழகியபின் ஆண்டு மீனுக்குப் போகலாம். சான்சிபாரைச் சேர்ந்த நோத்தோபிராங்கியஸ் கியூந்தெரி இதற்கு ஏற்றது. வாய் அகன்ற ஒரு சிறு கிண்ணத்தில் கொதிக்க வைத்து ஆறிய பீட் தூளை இரண்டு விரற்கடை உயரத்துக்கு நிரப்பித் தொட்டியின் அடியில் வையுங்கள். ஆண் மீன் தன் துடுப்பால் பெண்ணை அணைத்துத் தூளுக்குள் ஒவ்வொரு முட்டையாக இடச் செய்யும். ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தூளை வலையில் வடிகட்டிப் பிழிந்து, செய்தித்தாளில் பரப்பி, கையில் ஒட்டாத பதத்துக்கு உலர்த்திப் பையிலிட்டுக் கட்டுங்கள். ஏறத்தாழ மூன்று மாதம் காத்திருங்கள். இனத்துக்கு இனம் இக்காலம் வேறுபடும். பொன்னிறக் கண்கள் தெரியும் முட்டைகள் கண்ணில் பட்டால், நீர் ஊற்றும் நாள் வந்துவிட்டது என்று பொருள்.

தொடக்கக்காரர்கள் இங்கே செய்யும் பெரும் பிழை, முதல் முறை நனைத்துக் குஞ்சுகளை எடுத்ததும் தூளைக் குப்பையில் கொட்டிவிடுவது. முட்டைகள் எல்லாம் ஒரே நாளில் விழிப்பதில்லை என்று வூர்ம்ஸ் காட்டியதை நினைவுகொள்ளுங்கள். தூளை மறுபடி உலர்த்தி வைத்துச் சில வாரம் கழித்து மீண்டும் நனையுங்கள். மூன்றாம் முறையும் குஞ்சு வருவதுண்டு.

மற்றொரு தொல்லை, சில குஞ்சுகள் நீந்தாமல் தரையில் வயிற்றால் ஊர்வது. காற்றுப்பை நிரம்பாததால் இது நேர்கிறது. முதிராமல் நனைத்துவிட்டாலும், பொறுத்திருந்து மிகத் தாமதித்தாலும் இவை கூடுகின்றன. அத்தகைய குஞ்சுகள் தேறுவதில்லை. நல்ல குஞ்சுகளோ நாளொரு வண்ணம் வளரும். சில வாரங்களிலேயே ஆணுக்கு நிறம் ஏறும். அப்போதே அடுத்த தலைமுறைக்கான கிண்ணத்தை வைத்துவிட வேண்டும். 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்பது இங்கே செல்லாது. மீனுக்கு அடுத்த பருவம் என்பதே இல்லை.

ஒரு சீட்டின் மதிப்பு

தபால் உறையில் வந்த பையின்மேல் ஒரு சீட்டு இருந்ததே, அதை மறந்துவிடவில்லையே? அதன் மதிப்பை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன்.

1968-இல், இன்றைய ஜிம்பாப்வேயின் தென்கிழக்கில் உள்ள கோனரேஜௌ என்ற வனவிலங்குக் காப்பிடத்தில், ரிச்சர்டு ஃபர்சர் என்ற கில்லி ஆர்வலர் ஒரு குட்டையிலிருந்து சில மீன்களைப் பிடித்தார். 1971-இல் அம்மீன் நோத்தோபிராங்கியஸ் ஃபர்செரி என்ற பெயருடன் அமெரிக்கக் கில்லி சங்கத்தின் இதழில் விவரிக்கப்பட்டது. அதன் வழித்தோன்றல்களை வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். பீட் பையின் சீட்டில் இனப்பெயரோடு பிடித்த இடத்தின் பெயரையும் விடாமல் எழுதி வந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது.

2003-இல் வால்டெசலிச்சி என்ற இத்தாலிய ஆர்வலரும் செல்லரினோ என்ற ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோனரேஜௌ வழிவந்த அந்த மீனின் ஆயுள் தொட்டியில் மூன்று மாதத்துக்கும் குறைவு என்று அதில் காட்டினார்கள். ஆய்வகத்தில் வளர்க்கக்கூடிய முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு குறுகிய வாழ்வு உடையது அதுவரை அறியப்படவில்லை. அந்தச் சில வாரங்களுக்குள் அது இளமையைக் கடந்து, நிறம் மங்கி, உடல் மெலிந்து, நினைவாற்றலும் குன்றி முதுமை எய்துகிறது. மூப்பை ஆராய விரும்புவோர் சுண்டெலியை வைத்து இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; இம்மீனிலோ ஒரு பருவத்திலேயே முடிவு தெரியும்.

பின்னர் மொசாம்பிக்கின் குட்டைகளிலிருந்து அதே இனத்தின் வேறு வழிகள் கொண்டுவரப்பட்டன. அவை கோனரேஜௌ வழியைவிட நெடுநாள் வாழ்ந்தன. ஒரே இனம், இரு வேறு ஆயுள். அப்படியானால் வேறுபாடு மரபணுவில் அல்லவா இருக்க வேண்டும்? அந்தத் தேடலின் ஒரு பெரும் படியாக, 2015-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் இம்மீனின் முழு மரபுத்தொகுதியையும் வெளியிட்டன. மொசாம்பிக்கின் இயற்கைக் குட்டைகளில் இது முட்டையிலிருந்து வந்து 14 நாளிலேயே இனப்பெருக்க முதிர்ச்சி அடைவதை 2018-இல் கண்டார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். அந்த முப்பது ஆண்டுகளில் யாரோ ஒருவர் 'எல்லாம் ஒரே மீன்தானே' என்று வேறு இடத்து மீனோடு கலந்திருந்தால்? சீட்டு எழுதச் சோம்பியிருந்தால்? ஒரு பருவத்தில் எல்லோருமே பீட் கிண்ணம் வைக்க மறந்திருந்தால்? குறுகிய ஆயுளையும் நீண்ட ஆயுளையும் ஒப்பிட வழியே இருந்திராது. மருத்துவத்துக்கே பயன்படக்கூடிய ஓர் ஆராய்ச்சி, பெயர் தெரியாத பலரின் கையெழுத்துச் சீட்டுகளை நம்பி நிற்கிறது.

உங்கள் பங்கு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டு மீன்களின் குட்டை, பாதி ஆண்டு வெறும் பள்ளமாகக் கிடப்பது. வேனிலில் அதைப் பார்ப்பவர் யாரும் அங்கே ஓர் உயிரினம் உறங்குகிறது என்று நினைக்கமாட்டார். மண்ணைக் கொட்டி மேடாக்கினால் கேள்வி கேட்பாரில்லை. தாமஸ் வைட்டும் கான்ஸ்டன்ஸும் மீன் பிடித்த ரியோவின் கடலோரக் குட்டைகள் கட்டடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இடம்விட்டுச் சுருங்கிவிட்டன. கான்ஸ்டன்ஸின் பெயரைத் தாங்கும் மீன் இன்று அழிவின் விளிம்பில் உள்ளவற்றில் ஒன்று. ஆற்று மீனுக்கு மேலேயோ கீழேயோ போக வழியுண்டு. குட்டை மீனுக்கு அந்த ஒரு பள்ளமே உலகம்.

வீட்டுத் தொட்டி அந்தக் குட்டைக்கு ஈடாகாது. தலைமுறைகள் செல்லச் செல்லத் தொட்டி மீனின் இயல்புகள் மாறும். எனினும் குட்டை மறைந்தபின் எஞ்சுவது பீட் பை ஒன்றே என்ற நிலை வரலாம். எனவே வளர்க்கத் தொடங்கும் அன்றே நான்கு ஒழுங்குகளைக் கைக்கொள்ளுங்கள். ஒன்று, எத்தனை வகை என்ற பெருமையை விட்டு, ஒரே ஓர் இனத்தைத் தொடர்ந்து காப்பாற்றுங்கள். இரண்டு, இனப்பெயர், பிடித்த இடம், முட்டை எடுத்த நாள் ஆகியவற்றை ஒவ்வொரு பையிலும் எழுதுங்கள்; தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். மூன்று, முட்டை மிகுந்தால் ஒரு நண்பருக்குக் கொடுங்கள்; உங்கள் தொட்டி கெட்டாலும் அவர் தொட்டியில் வழி தொடரும். நான்கு, வெளிநாட்டு மீனை ஒருபோதும் குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள். கொசுவை ஒழிக்கும் என்று 20-ஆம் நூற்றாண்டில் நம் நீர்நிலைகளில் விடப்பட்ட கம்பூசியா, உள்ளூர்ச் சிறு மீன்களுக்குப் போட்டியாகி நிற்கிறது.

அடுத்த மழைக்குப் பிறகு உங்கள் ஊர் வாய்க்கால் ஓரம் சற்று நின்று பாருங்கள். நீர்மட்டத்தில் அசையாமல் நிற்கும் மானத்துக்கண்ணி ஒன்று தெரிந்தால், இரண்டு மூன்றை மட்டும் எடுத்து வாருங்கள். ஒரு தொட்டி, ஒரு மூடி, ஒரு நூல் குஞ்சம். முதல் முட்டையை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அன்று, மறக்காமல் ஒரு சீட்டை எடுத்துத் தேதியையும் வாய்க்காலின் பெயரையும் எழுதி வையுங்கள்.